ஸ்கீமாவை எதில் வரைவது? யாழ்ப்பாணத்துச் சின்னக் குழு ஒன்றுக்கான ஒப்பீடு

தரவுத்தளத்துக்கு ஸ்கீமா (என்னென்ன டேபிள், அவற்றில் என்னென்ன கொலம், எது எதோடு தொடர்பு என்ற அமைப்பு) வரைய இணையத்தில் இப்போது கருவிகளுக்குப் பஞ்சமில்லை. டிபிடயகிராம், டிராடிபி, டிரா.ஐஓ, லூசிட்சார்ட், சார்ட்டிபி என்று தேடத் தேட வந்துகொண்டே இருக்கும். எல்லாம் முகப்பில் பளபளப்பான படம் ஒன்றைக் காட்டும், பக்கத்தில் ‘இலவசம்’ என்று எழுதியிருக்கும். திருநெல்வேலியிலோ கொக்குவிலிலோ இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து மென்பொருள் வேலை எடுப்பவர்களும், கம்பசில் இறுதியாண்டு புரொஜெக்ட் செய்கிற பிள்ளைகளும், ‘தம்பி கம்பியூட்டர் படிச்சவர்தானே’ என்று ஊர்ச் சங்கத்தில் மாட்டிவிடப்பட்டவர்களும் முதலில் கேட்பது எது வடிவாக வரையும் என்பதைத்தான். நான் அதைக் கடைசியாகப் பார்ப்பேன். வரைந்து முடிந்த பிறகு அந்த ஸ்கீமா எங்கே, என்ன வடிவத்தில் இருக்கும்? ஆறு மாதம் கழித்து வேறொருவர் அதைத் திறந்து திருத்த முடியுமா? எனக்கு இவைதான் முதல் கேள்விகள்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வேலை வேண்டும். வலிகாமத்தில் எங்கேயாவது இருக்கும் ஒரு சனசமூக நிலையத்தின் நூலகத்தை எடுத்துக்கொள்வோம். அங்கத்தவர், புத்தகம், இரவல், சந்தா, அன்பளிப்பாக வந்த நூல்கள். வேலையைச் செய்பவர் யாழ்ப்பாணத்தில், உதவிக்கு ஒரு மாணவர், காசு தருகிற பழைய அங்கத்தவர் ரொறன்ரோவில். அவருக்கும் கொஞ்சம் தொழில்நுட்பம் தெரியும், ஆகவே ‘எனக்கும் காட்டுங்கோ’ என்பார். சேர்வர் என்று பெரிதாக ஒன்றுமில்லை. நிலையத்துக் கணினியில் எக்சாம்ப் (இணையச் சேர்வரையும் தரவுத்தளத்தையும் ஒன்றாக நிறுவித் தருகிற பொதி), அதற்குள் வருகிற தரவுத்தளம். இப்படியான வேலைகள் இங்கே நிறைய நடக்கின்றன. இதற்குப் பெரிய கொம்பனிகளுக்கான கருவி தேவையில்லை.

எந்தக் கருவியையும் திறக்குமுன் நூலகரோடு ஒரு கொப்பியும் பேனையும் வைத்துக்கொண்டு இருந்துவிடுவது நல்லது. திரையைத் திருப்பிக் காட்டினால் மனிதர்கள் தலையாட்டிவிடுவார்கள். பேப்பரில் பெட்டி போட்டால் ‘இல்லைத் தம்பி, ஒரே புத்தகம் மூன்று பிரதி இருக்கு, அதில ஒன்றை இரவல் குடுக்கிறதில்லை’ என்று வாய் திறப்பார்கள். புத்தகம் வேறு, பிரதி வேறு, இரண்டுக்கும் தனித்தனி டேபிள் என்ற முடிவு அங்கேதான் பிறக்கும். எந்த இணையக் கருவியும் அதைக் கேட்டுத் தராது.

சரி, கருவிகளுக்கு வருவோம்.

என் முதல் தெரிவு டிபிடயகிராம். ஹோலிஸ்டிக்ஸ் என்ற நிறுவனம் நடத்துவது. இடப்பக்கம் எழுத்து, வலப்பக்கம் படம். டேபிளின் பெயர், கொலம்கள், எது எதைச் சுட்டுகிறது என்பதை டிபிஎம்எல் என்கிற எளிய மொழியில் தட்டத் தட்டப் படம் தானாக வரும். பெட்டிகளை இழுத்துக் கோடு போடுகிற வேலை இல்லை. மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரஸ், எஸ்கியூஎல் சேர்வர் என்ற மூன்று தரவுத்தள மென்பொருள்களுக்கும் ஏற்ற எஸ்கியூஎல் (தரவுத்தளத்துக்குக் கட்டளை எழுதும் மொழி) கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். பழைய எஸ்கியூஎல்லைக் கொடுத்துப் படமாக்கவும் செய்யலாம்.

இதில் எனக்குப் பிடித்தது படம் அல்ல, அந்த டிபிஎம்எல் எழுத்து. அது திறந்த மூலம், அதாவது நிரலை யாரும் எடுத்துப் பாவிக்கலாம். அந்தத் தளம் நாளைக்கே மூடப்பட்டாலும் உங்கள் கையில் ஒரு சாதாரண உரைக்கோப்பு இருக்கும். கட்டளைவரிக் கருவி ஒன்றும் உண்டு. அதை நிறுவி வைத்தால் இணைப்பே இல்லாமல் டிபிஎம்எல்லை எஸ்கியூஎல்லாகவும், எஸ்கியூஎல்லை டிபிஎம்எல்லாகவும் மாற்றலாம். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் கரண்ட் நின்ற காலத்தில் வேலை செய்தவர்களுக்கு ‘இணைப்பு இல்லாமலும் ஓடும்’ என்பதன் பெறுமதியை விளக்கத் தேவையில்லை. இப்போது அப்படி இல்லைத்தான். ஆனாலும் லைன் திருத்தம் என்று பகல் முழுக்க நிறுத்துகிற நாள் வராமல் இல்லை.

உரைக்கோப்பு என்பதால் இன்னொரு வசதியும் இருக்கிறது. கிட் என்ற, மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவியில் போட்டு வைத்தால் நேற்று என்ன இருந்தது, இன்று என்ன மாறியது என்பது வரி வரியாகத் தெரியும். ரொறன்ரோவுக்கும் நமக்கும் கோடையில் ஒன்பதரை மணிநேர வித்தியாசம், குளிர்காலத்தில் பத்தரை. நாம் வேலை செய்கிறபோது அவர் நித்திரை. ஒரே நேரத்தில் இருவர் ஒரே படத்தில் கை வைத்து வரையலாம் என்று லூசிட்சார்ட் போன்றவை விளம்பரம் செய்கிற வசதி நம் நிலைமைக்கு அவ்வளவு பிரயோசனமில்லை. நித்திரை விட்டெழும்பிய மனிதருக்கு வேண்டியது ‘இரவல் டேபிளில் திருப்பித் தந்த திகதி சேர்ந்தது, வெற்றாக இருக்கலாம்’ என்று தெளிவாகச் சொல்லும் மாற்றப் பதிவுதான்.

டிபிடயகிராமின் குறைகளையும் சொல்ல வேண்டும். சேமிக்கக் கணக்குத் தொடங்க வேண்டும். இலவசக் கணக்கில் வரைபட எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. யார் பார்க்கலாம் என்று இறுக்கிப் பூட்டுகிற வசதிகளுக்குக் காசு கட்ட வேண்டும், அதுவும் டொலரில், மாதாமாதம். சங்கத்துக் கணக்கிலிருந்து வெளிநாட்டுக் கட்டணம் கட்டுவது என்றால் பொருளாளர் முதலில் ‘இது என்ன சோலி’ என்று கேட்பார், அவர் கேட்பதில் நியாயமும் இருக்கிறது. நல்லவேளை, இந்த அளவு வேலைக்கு இலவசக் கணக்கே போதும். உரைக்கோப்பு நம்மிடம் இருக்கும்வரை தளத்தில் இருப்பது வெறும் கண்ணாடி. எழுதிப் பழகாதவர்களுக்கு முதல் நாள் கொஞ்சம் தடுமாற்றமாக இருக்கும், பிறகு பழகிவிடும்.

டிராடிபி இதற்கு நேரெதிர் குணம். கணக்கு வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம். பக்கத்தைத் திறந்து டேபிளைச் சேர்த்து, இழுத்து, இணைத்து, எஸ்கியூஎல்லாக எடுத்துக்கொண்டு போகலாம். இதுவும் திறந்த மூலம். மாணவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். கணினிகூடத்தில் இருந்துகொண்டு உடனே தொடங்கிவிடலாம். வரைவது உலாவிக்குள்ளேயே நடப்பதால், பக்கம் திறந்திருக்கையில் இணைப்பு அறுந்தாலும் வேலை நிற்காது. ஆனால் அதே காரணத்தால் ஓர் ஆபத்தும் இருக்கிறது: நீங்கள் வரைந்தது அந்தக் கணினியின் அந்த உலாவிக்குள் மட்டும் இருக்கிறது. யாராவது வரலாற்றை அழிக்கிறேன் என்று தளத் தரவுகளையும் சேர்த்து அழித்தால் ஸ்கீமாவும் போய்விடும். பலர் பாவிக்கிற கணினி என்றால் ஒவ்வொரு முறை எழும்பும்போதும் கோப்பாக ஏற்றுமதி செய்து பென் டிரைவிலோ உங்களுடைய வட்ஸ்அப்பிலோ போட்டுக்கொண்டு எழும்ப வேண்டும்.

மைஎஸ்கியூஎல் வேர்க்பெஞ்ச் இணையக் கருவி இல்லை, கணினியில் நிறுவுவது. ஆனாலும் ஒப்பீட்டில் அதை விட முடியாது, ஏனென்றால் இங்கே வகுப்புகளில் படித்தவர்கள் பலருக்குத் தெரிந்தது அதுதான். சமூகப் பதிப்பு இலவசம். படத்திலிருந்து தரவுத்தளம் உருவாக்கவும், இருக்கிற தரவுத்தளத்திலிருந்து படம் உருவாக்கவும், இரண்டையும் ஒத்திசைக்கவும் அதற்குத் தெரியும். புத்தகத்துக்கும் ஆசிரியருக்கும் பலவற்றுக்குப் பல என்ற உறவு (ஒரு புத்தகத்துக்குப் பல ஆசிரியர், ஓர் ஆசிரியருக்குப் பல புத்தகம்) வரைந்தால் இடைப்பட்ட டேபிளைத் தானே போட்டுத் தரும். வசதிகளை மட்டும் எண்ணினால் மேலே சொன்ன இரண்டையும் இது தோற்கடிக்கும்.

அப்படியானால் ஏன் அதை முதலில் வைக்கவில்லை? இரண்டு காரணம். அதன் கோப்பு உண்மையில் ஒரு சிப் பொதி, உள்ளே எக்ஸ்எம்எல். கிட்டில் போட்டாலும் எந்தக் கொலம் மாறியது என்று கண்ணால் வாசிக்க முடியாது. திறப்பவரிடமும் வேர்க்பெஞ்ச் இருக்க வேண்டும். இரண்டாவது காரணம் எக்சாம்ப். எக்சாம்ப் பொதிக்குள் வருவது மரியாடிபி. மைஎஸ்கியூஎல் என்று நாம் வாயால் சொல்லிக்கொண்டிருந்தாலும் அது வேறு சேர்வர். வேர்க்பெஞ்ச் 8.0 எழுதித் தருகிற எஸ்கியூஎல்லில் சுட்டிகளின் (இண்டெக்ஸ்களின்) பின்னால் ‘விசிபிள்’ என்ற சொல் ஒட்டிக்கொண்டு வரும். மரியாடிபிக்கு அந்தச் சொல் புரியாது, தொடரியல் பிழை என்று நின்றுவிடும். புதிதாகப் படிக்கிற பெடியள் இந்த இடத்தில் தங்கள் ஸ்கீமாதான் பிழை என்று நினைத்து எல்லாவற்றையும் கலைத்து விடுகிறார்கள். ஸ்கீமாவில் பிழை இல்லை. மாடல் அமைப்புகளில் இலக்குப் பதிப்பை 5.7 என்று மாற்றிவிட்டு மறுபடி ஏற்றுமதி செய்தால் அந்தச் சொல் வராது. வேர்க்பெஞ்சில் நன்றாகக் கைபழகியவர், தனியாக வேலை செய்பவர் என்றால் அதிலேயே இருக்கலாம், இந்த அமைப்பை மட்டும் மாற்றிவிடுங்கள்.

டிரா.ஐஓ படம் வரைய அருமையானது. கணினியில் நிறுவுகிற பதிப்பும் உண்டு, கணக்கும் வேண்டாம். ஆனால் அது பெட்டியைப் பெட்டியாகத்தான் பார்க்கும். அதில் வரைந்ததை எஸ்கியூஎல்லாக எதிர்பார்க்கக் கூடாது. ஆக, படமும் உண்மையான தரவுத்தளமும் ஒரு மாதத்தில் வெவ்வேறு திசையில் போய்விடும். கூட்டத்தில் காட்டுவதற்கும் அறிக்கையில் ஒட்டுவதற்கும் சரி. மாணவர்களுக்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது: பீட்டர் சென் 1976இல் முன்வைத்த முறையில், உறவுக்கு வைரவடிவம், பண்புக்கு நீள்வட்டம் என்று வரைந்து வரச் சொன்னால் டிபிடயகிராமோ டிராடிபியோ கைகொடுக்காது, அவை காகக்கால் பாணிக் கோடுகளுக்கானவை (‘பல’ என்ற பக்கத்தில் கோட்டின் நுனி காகத்தின் கால்போல் பிரியும்). அங்கே டிரா.ஐஓவையோ இஆர்டிபிளஸ் என்ற இணையக் கருவியையோ எடுங்கள்.

எழுத்திலிருந்து படம் வரைகிற மெர்மெய்டைப் பற்றி ஒரு வரி. 2022இலிருந்து கிட்ஹப் (கிட் கோப்புகளை வைத்துப் பகிரும் தளம்) அதை நேரடியாகப் படமாக்கிக் காட்டுகிறது, ஆகவே விளக்கக் கோப்புக்குள் ஸ்கீமாப் படம் வைக்க நல்லது; எஸ்கியூஎல் அது தராது.

ஏற்கெனவே ஓடுகிற தரவுத்தளம்

கதை புதிதாகத் தொடங்காமல், முந்தி யாரோ செய்துவிட்டுப் போன சிஸ்டம் ஒன்று கையில் வந்தால் தெரிவு மாறிவிடும். ஆவணம் இருக்காது, செய்தவர் வெளிநாடு போயிருப்பார். முதலில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். எக்சாம்ப் இருக்கும் இடத்தில், உலாவியிலிருந்தே தரவுத்தளத்தைக் கையாளும் பிஎச்பிமைஅட்மினும் இருக்கும். அதன் டிசைனர் பக்கம் உடனே ஒரு படம் தரும். கணினியில் டிபீவர் என்ற தரவுத்தளக் கருவியை நிறுவினால் இன்னும் தெளிவாகத் தெரியும். சார்ட்டிபி வேறு வழியில் போகிறது: ஒரு வினவலைத் தரும், அதை உங்கள் தரவுத்தளத்தில் நீங்களே ஓட்டி, வருகிற விடையை அங்கே ஒட்டினால் படம் வரும். தரவுத்தளக் கடவுச்சொல்லை வெளியில் ஒருவருக்கும் கொடுக்கத் தேவையில்லை என்பது அதன் நல்ல பக்கம்.

ஆனால் இந்த மூன்றிலும் ஒரே ஏமாற்றம் காத்திருக்கிறது. பழைய சிஸ்டங்களில் அந்நியத் திறவுகோல் (ஒரு டேபிளின் கொலம் இன்னொரு டேபிளைச் சுட்டுகிறது என்ற அறிவிப்பு) பெரும்பாலும் வைத்திருக்க மாட்டார்கள். படத்தில் பெட்டிகள் எல்லாம் ஒட்டாமல் தனித்தனியே நிற்கும். அது கருவியின் குறை இல்லை. எந்தக் கொலம் எதைக் குறிக்கிறது என்பதை சிஸ்டத்தின் பிஎச்பி நிரல் கோப்புகளுக்குள் தேடி எடுத்து, கோடுகளை நாமே போட வேண்டும். அந்த வேலைக்கு எஸ்கியூஎல்லை டிபிஎம்எல்லாக மாற்றிக்கொண்டு, உறவுகளை ஒவ்வொரு வரியாகச் சேர்த்துப் போவது எனக்கு இலகு.

ஒரு எச்சரிக்கை: பழைய தரவுத்தளத்தின் முழுப் பிரதியையும் எடுத்து இணையத்தில் இறக்குமதிப் பெட்டிக்குள் ஒட்டாதீர்கள். அதில் டேபிள் அமைப்போடு அங்கத்தவர்களின் பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் இருக்கும். ஏற்றுமதி செய்யும்போதே அமைப்பு மட்டும், தரவு வேண்டாம் என்று தெரிவு செய்யலாம். பிஎச்பிமைஅட்மினிலும் அந்தத் தெரிவு இருக்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று நாட்டில் இருப்பது ஒரு புறம். ஊருக்குள் நாளைக்கு முகம் பார்க்க வேண்டியவர்களின் விபரம் என்பது மறு புறம்.

கருவி கேட்காத கேள்விகள்

பல கருவிகளில் மாதிரி வரைபடங்கள் இருக்கும். சிலவற்றில் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கொலம். செயற்கை நுண்ணறிவிடம் ‘நூலகத்துக்கு டிபிஎம்எல் எழுதித் தா’ என்றாலும் அதே இரண்டும் வரக்கூடும். நமக்குக் குடும்பப்பெயர் எங்கே இருக்கிறது? தகப்பன் பெயரின் முதலெழுத்தும் சொந்தப் பெயரும். கலியாணத்துக்குப் பிறகு பல பெண்களுக்கு முதலெழுத்து மாறும். முதலெழுத்துக்கு ஒன்று, பெயருக்கு ஒன்று, தமிழிலும் ஆங்கிலத்திலும் என்று வைத்தால் பிறகு தேடுவது சுகம்.

அடையாள அட்டை இலக்கத்தை எண்ணாக வைக்காதீர்கள். பழையதில் 9 இலக்கமும் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்தும், 2016இலிருந்து வருகிற புதியதில் 12 இலக்கம். ஒரே மனிதர் பழையதோடு ஒருமுறையும் புதியதோடு ஒருமுறையும் பதிந்தால், இரட்டிப்பு கூடாது என்று நீங்கள் போட்ட கட்டுப்பாட்டுக்கு அது தெரியாது. பதியும்போதே பழையதைப் புதிய வடிவத்துக்கு மாற்றிச் சேமிப்பதுதான் வழி. பழையதில் இருக்கும் இலக்கங்களைக் கொண்டே அதைக் கணக்கிடலாம். தொலைபேசி இலக்கமும் எழுத்தாகவே இருக்கட்டும், எண்ணாக வைத்தால் முன்னால் இருக்கும் பூச்சியம் பறந்துவிடும்.

சில மாதிரிகளில் ஐஎஸ்பிஎன் (நூலுக்கான சர்வதேச இலக்கம்) என்பதைப் புத்தக டேபிளின் முதன்மைத் திறவுகோலாக, அதாவது ஒவ்வொரு வரிசையையும் தனித்து அடையாளம் காட்டும் கொலமாக, போட்டிருப்பார்கள். யாழ்ப்பாணத்துச் சின்ன அச்சகங்களில் அடித்த பழைய நூல்கள், கோயில் மலர்கள், நினைவு மலர்கள் இவற்றில் எத்தனைக்கு ஐஎஸ்பிஎன் இருக்கிறது? அதை வெற்றாக இருக்கலாம் என்ற கொலமாக இறக்கிவிட்டு, நமக்கென்று ஓர் இலக்கம் வைத்துக்கொள்ள வேண்டும். 2005இலிருந்து இயங்கும் நூலகம் இணையத்தளத்தில் ஒவ்வொரு ஆவணத்துக்கும் நூலக எண் என்று ஒன்று உண்டு. அதற்கும் ஒரு கொலம் வைத்தால் எண்ணிம வடிவத்துக்கு நேரே இணைப்புக் கொடுக்கலாம்.

எழுத்து நீளத்திலும் கவனம் வேண்டும். ‘யாழ்ப்பாணம்’ என்பது நம் கணக்கில் 6 எழுத்து. தரவுத்தளம் அதை 11 குறிகளாக எண்ணும். யூடிஎஃப்-8 என்ற குறியேற்ற முறையில் சேமித்தால் 33 பைட். ஆங்கிலப் பெயரை மனதில் வைத்து 30 என்று போட்ட கொலத்தில் நீண்ட தமிழ்த் தலைப்பு வெட்டுப்படும் அல்லது பிழை காட்டும். எழுத்துத்தொகுதியை யூடிஎஃப்8எம்பி4 என்று தொடக்கத்திலேயே வைத்துவிடுங்கள். வரைகிற கருவிகள் இதை முன்னுக்கு வந்து ஞாபகப்படுத்துவதில்லை. எடுத்த எஸ்கியூஎல்லைத் திறந்து நாமே பார்க்க வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய தலையிடி பாமினி. நூலகத்தின் பழைய பட்டியல் எக்செலில் இருக்கிறது என்று சந்தோசமாகச் சொல்வார்கள். திறந்தால் பாமினி எழுத்துரு. அதாவது உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும், எழுத்துருதான் அதைத் தமிழாகக் காட்டுகிறது. பாமினியில் ‘இ’ என்ற எழுத்தின் இடத்தில் இருப்பது காற்புள்ளி. மெய்யெழுத்தின் மேலிடும் புள்ளியின் இடத்தில் அரைப்புள்ளி. காற்புள்ளியால் பிரித்த கோப்பாக எடுத்து, மேற்கோள்குறியைக் கவனிக்காமல் வெறுமனே வெட்டுகிற நிரல் ஒன்றுக்குக் கொடுத்தால் ‘இலக்கியம்’ என்று தொடங்குகிற தலைப்பெல்லாம் அடுத்த கொலத்துக்குள் சரிந்துவிடும். அதனால் ஸ்கீமாவில் தற்காலிக டேபிள் ஒன்றை ஒதுக்கி, பழையதை அப்படியே அதற்குள் இறக்கி, யூனிகோடுக்கு மாற்றி, நூலகர் கண்ணால் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகு உண்மையான டேபிளுக்குக் கொண்டுபோக வேண்டும்.

இந்தத் தீர்மானங்களை எல்லாம் எழுதி வைக்க இடம் வேண்டுமே. டிபிஎம்எல்லில் ஒவ்வொரு டேபிளுக்கும் கொலத்துக்கும் பக்கத்தில் குறிப்பு எழுதலாம், தமிழிலேயே எழுதலாம். கொலத்தின் பெயர் ஆங்கிலத்தில் இருந்தாலும் ‘பழைய அடையாள அட்டை இலக்கமானால் புதியதாக மாற்றிச் சேமிக்கவும்’ என்று குறிப்புத் தமிழில் நிற்கும். அடுத்ததாக வருபவருக்கு அது படத்தைவிட உதவும்.

நூலகம் போன்ற புதிய வேலை, கூடச் செய்பவர் தூரத்தில் என்றால் டிபிடயகிராமில் வரைந்து, டிபிஎம்எல் கோப்பைக் கிட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பாடத்துக்கான புரொஜெக்ட் என்றால் டிராடிபி, அல்லது ஆசிரியர் கேட்கிற பாணிக்கு ஏற்றது. பழைய சிஸ்டத்தைப் பொறுப்பெடுத்தால் டிபீவரில் பார்த்துவிட்டு டிபிஎம்எல்லுக்கு மாற்றுங்கள். லூசிட்சார்டுக்குக் காசு கட்ட இந்த மூன்றிலும் எனக்குக் காரணம் தெரியவில்லை.

ஏற்கெனவே வேறொன்றில் பாதி வரைந்துவிட்டவர்கள் பயப்பட வேண்டாம். வேர்க்பெஞ்சிலிருந்தோ டிராடிபியிலிருந்தோ எஸ்கியூஎல்லாக எடுத்து டிபிடயகிராமில் இறக்கினால் டேபிள், கொலம், திறவுகோல், உறவு எல்லாம் வந்துவிடும். பெட்டிகளை எங்கெங்கே வைத்தீர்கள், என்ன நிறம் கொடுத்தீர்கள் என்பது வராது. பெட்டிகளை மறுபடி இழுத்து ஒழுங்குபடுத்தக் கொஞ்ச நேரம் ஒதுக்குங்கள், அப்புறம் இறக்குமதியான உறவுகளின் எண்ணிக்கை பழையதோடு சரிவருகிறதா என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.